ஆலாக்கள் வரிசையை உடைத்த நாள்

அந்தக் காலத்தில், பறவைகளுக்கும் மனிதர்களுக்கும் ஒரே பேச்சு இருந்தபோது, ஆலா என்னும் கடற்பறவைகள் எறும்புச் சாரைபோல ஒன்றன்பின் ஒன்றாகத்தான் பறக்கும். ஐப்பசியில் வடக்கிலிருந்து கரைக்கு வரும். பங்குனியில் திரும்பிப் போகும்.

அந்தக் கரையில் பூமயில் என்றொரு மீன்காரி இருந்தாள். ஆலாக்களின் தலைவி அவளிடம், "முன்னால் பறக்கிற நான் பின்னால் பார்க்க முடியாது, அக்கா. யாராவது குறைந்தால் நீதான் சொல்ல வேண்டும்" என்று கேட்டிருந்தது. அதனால் வரும் பறவை ஒவ்வொன்றுக்கும் ஒரு சிப்பியைக் கூடையில் போடுவாள். போகும்போது ஒவ்வொன்றாக எடுப்பாள். புயலடித்த வருடங்களில் மட்டும் சில சிப்பிகள் மிஞ்சும்.

ஒரு பங்குனியில், புயலே இல்லாத வருடம், கடைசி ஆலாவும் கடந்தபின் கூடை கனமாகவே இருந்தது.

"என் பிள்ளைகள் எங்கே, அக்கா?" என்று கூட்டத்தோடு திரும்பி வந்து வட்டமிட்டது தலைவி.

புயல் இல்லையென்றால் மனிதக் கைதான் என்று பூமயில் கூடையோடு ஊருக்குள் ஓடினாள். ஊர்த்தலைவன் காத்தமுத்து வீட்டில் கல்யாணப் பந்தி நடந்துகொண்டிருந்தது. கொல்லையில் குவியலாக வெள்ளை இறகுகள். பனைகளுக்கு நடுவே வலை.

"என்ன காரியம் செய்தீர்?"

"நீதானே பெருமையாகச் சொன்னாய், முன்னால் போவது திரும்பிப் பார்க்காது என்று? தினமும் வரிசையின் வாலில் வருவதைப் பிடித்தேன்" என்றான் காத்தமுத்து.

பூமயிலுக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. "இருக்கிறதா இல்லையா என்று பார்க்கச் சிப்பி போட்டு எண்ணினேன். நீர் தின்பதற்கா எண்ணினேன்? இந்தாரும், தின்றதை நீரே எண்ணும்!" கூடையை அவன் இலையில் கவிழ்த்தாள்.

பந்தியில் இருந்தவர்கள் கையை உதறி எழுந்தார்கள். காத்தமுத்து மட்டும், "பறவைதானே!" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கரைக்குத் திரும்பி, நடந்ததை எல்லாம் ஆலாக்களிடம் சொன்னாள். "இனி வரிசை கட்டாதீர்கள். எவரையும் நம்பாதீர்கள், என்னையும்தான்!"

"விருந்தாளியாக வந்தோமே! எங்களையே விருந்தாக்கினீர்களே!" தலைவி வீறிட்டுக் கத்தியபடி தன் கூட்டத்துக்குள்ளேயே பாய்ந்தது. வரிசை சிதறியது. அதன்பின் அது மனிதரோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஆலாக்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கலைந்து பறப்பதும், ஆளைக் கண்டாலே வீறிடுவதும், கரையில் நின்று எண்ணுகிறவர் பாதியில் தவறவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவதும் அன்று முதல்தான்.