பச்சைக் கட்டம்

“அனுப்பாதீங்க சார்” என்றார் வசுமதி.

சவரிமுத்துவின் விரல் பொத்தான்மேல் நின்றது.

திரையில் மாவட்ட வரைபடம். கூடாத இடம் சிவப்பு, கூடும் இடம் பச்சை. நகரத்தின் குப்பைக் கிடங்குக்கு இடம் சொல்லும் அந்த மென்பொருளை, ஒரு வருடமாக வசுமதியிடம் கற்று உருவாக்கியவர் சவரிமுத்து. அவருக்கு ஐம்பத்தாறு வயது. வசுமதிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. சவரிமுத்து அவரை ‘டீச்சர்’ என்று கூப்பிடும்போதெல்லாம் அலுவலகம் சிரிக்கும். அவர் விடவில்லை.

“பதினோரு மணிக்குக் கூட்டம், டீச்சர். கலெக்டர் ஆபீஸ்ல கழுத்தைப் பிடிக்கிறாங்க. இன்னைக்கு இடம் சொல்லலைன்னா குப்பை லாரியை ஏரிக்குள்ள விட்டுடுவாங்க.”

“எந்த இடம் சொல்லுது?”

“ஓடைக்கு அக்கரை. தடையே இல்ல. இவ்வளவு பச்சை வேற எங்கயும் இல்ல.”

“அங்க கிணறு?”

“பூஜ்யம்.”

“வீடு?”

“பூஜ்யம்.”

“யார் போய்ப் பார்த்தது?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஓடையில தண்ணி. ஜீப் போகல, யாரும் இறங்கல. கட்டத்தைக் காலியா விட்டா சிஸ்டம் ஓடாது. அதனால பூஜ்யம் போட்டேன்.”

அலைபேசி அதிர்ந்தது. அவர் எடுக்கவில்லை.

“இதை எப்படித் திருத்தணும்னு சொல்லுங்க. அஞ்சு நிமிஷத்துல திருத்திடறேன்.”

வசுமதி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “உங்க வீடு எந்தத் தெரு?”

“சர்ச்சுக்குப் பின்தெரு. எதுக்கு?”

அந்தத் தெரு அடர்சிவப்பில் இருந்தது. வசுமதி அதைத் தொட்டார். வீடுகளுக்குப் பூஜ்யம் போட்டார். கிணறுகளுக்குப் போட்டார். தெரு வெளிறியது, பிறகு பச்சையானது. திரையின் மேலே, பொருத்தமான இடங்களின் வரிசை மாறியது. முதலிடத்தில் சர்ச் பின்தெரு.

சவரிமுத்து எழுந்துவிட்டார்.

“விளையாடாதீங்க. இந்த ஃபைல் அப்படியே கலெக்டர் மேசைக்குப் போகும். எங்கம்மா படுத்த படுக்கையா கிடக்கிற வீடு அது. தெருவுல அத்தனை குடும்பம் இருக்கு. எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“கேக்கல சார். அதனாலதான் பூஜ்யம் போட்டேன்.”

அலைபேசி மறுபடி அதிர்ந்தது. இந்த முறை சவரிமுத்து எடுத்தார்.

“இடம் முடிவாகல. ஏரியில கொட்டாதீங்க, ஓடையைத் தாண்டிப் போய்ப் பார்த்துட்டு சாயங்காலம் சொல்றேன்.”

மறுமுனை கத்தியது. கத்தி ஓயும்வரை அவர் காதிலேயே வைத்திருந்தார்.

பிறகு வெளியே வந்து, படியில் உட்கார்ந்து, பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டார்.