இழுக்காத மெஷினும் மூன்று சகலைகளும்

விருதுநகரில் செக்கடித் தெருவில் மூன்று சகலைகள் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். அக்காள் தங்கைகள் மூவருக்கும் ஒருவரை ஒருவர் பிரிய மனமில்லை. அப்பா விட்டுப்போன வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். கட்டிக்கொண்ட பாவத்துக்குப் புருஷன்மாரும் அங்கேயே வந்து சேர்ந்தார்கள். ஒரு தெருவுக்கு இப்படி ஒருவர் இருந்தாலே தாராளம் என்பது அக்கம்பக்கத்தாரின் அபிப்பிராயம்.

மூத்தவர் புண்ணியகோடி. ஏதோ ஒரு கம்பெனியில் ஆயுள் முழுக்கக் கையெழுத்துப் போட்டு ஓய்வு பெற்றவர். எதில் போடுகிறோம் என்று ஒருநாளும் படித்துப் பார்த்ததில்லை. அந்த நேர்மைக்காகவே வழியனுப்பு விழாவில் சால்வை போர்த்தினார்கள். அடுத்தவர் ஞானசிகாமணி, டுட்டோரியலில் இயற்பியல் நடத்துகிறவர். அவரிடம் படித்தவர்களில் பலர் பிற்பாடு நல்ல சமையல்காரர்களாக வந்தார்கள். இளையவர் திருமேனி. அவருக்குச் சொந்தக் கருத்து என்று எதுவும் கிடையாது. அதனால் மூவரில் அவர்தான் விவரமானவர் என்று பெயர்.

புண்ணியகோடியின் மகள் இளவேனிலுக்குத் தேனியில் ஒரு வரன் அமைந்தது. பையனுக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது, பெண்ணுக்கும் பையனைப் பிடித்திருந்தது, ஜாதகங்களுக்கும் ஒன்றையொன்று பிடித்திருந்தது. பாக்கி இருந்தவர் பையனின் அம்மா ஒருவர்தான். அவருக்குத் தூசி பட்டால் வீசிங். இதற்கு முன்னால் பார்த்த ஒரு பெண் வீட்டில் உட்கார்ந்த இடத்திலேயே இருமல் பிடித்துக்கொண்டதில், பஜ்ஜிகூடச் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டாராம். இங்கே இருமினால் இந்தச் சம்பந்தமும் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மறுநாள் காலையில் அவர்கள் வருவதாக ஏற்பாடு. பட்டு எடுக்கவும், பெங்களூரிலிருந்து அன்று விடியற்காலை மதுரைக்கு வந்து இறங்கும் இளவேனிலை அழைத்து வரவும் அக்காள் தங்கைகள் மூவரும் முதல்நாளே கிளம்பினார்கள். போகும்போது மூத்தவள் மனோன்மணி, பரணில் கிடந்த வேக்கம் கிளீனரை இறக்கி ஹாலில் வைத்தாள். ஒரு வருஷமாக யாரும் தொடாத மெஷின். பை நிறைந்திருந்தால் காலி பண்ணுங்கள், ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள், அதற்கப்புறம் வீடு முழுக்க ஓட்டுங்கள் என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினாள். சொன்னது அவ்வளவுதான். அதையும் இரண்டு தரம் சொன்னாள்.

பையைத் திறந்தார்கள். நிறைந்திருந்தது. அந்த இடத்திலேயே, ஹால் நடுவில், சுத்தமாகக் காலி பண்ணினார்கள். வெளியே கொட்டலாமா என்று திருமேனி கேட்டதற்கு, நம் வீட்டுத் தூசியைத் தெருவில் கொட்டினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று புண்ணியகோடி கேட்டார். நியாயமான கேள்விதான்.

அடுத்தது ஃபில்டர். அது எங்கே இருக்கும் என்பதில் மூவருக்கும் சந்தேகமே எழவில்லை. சமையலறையில் காபி ஃபில்டரை எடுத்து, காலையில் இறக்கிய டிகாஷனைக் கீழே ஊற்றிவிட்டு, புளி போட்டுத் தேய்த்து, மொட்டை மாடியில் காயவைத்தார்கள். பித்தளை ஃபில்டர் பளபளவென்று வந்தது. அதை எங்கே மாட்டுவது என்றுதான் கொஞ்சம் குழப்பம். கடைசியில் சணல் கயிற்றில் கோத்து மெஷினின் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். கோயில் காளைக்கு மணி கட்டினதுபோல எடுப்பாக இருந்தது.

சுவிட்சைப் போட்டார்கள். மெஷின் ஓவென்று கத்தியது. தூசி இருந்த இடத்திலேயே இருந்தது.

மனோன்மணிக்குப் போன் பண்ணினார்கள். அவள் பஸ்ஸில் இருந்தாள். மெஷின் இழுக்குதா என்று கேட்டாள். அது இழுக்கவில்லை, நாங்கள்தான் அதை வீடு முழுக்க இழுத்துக்கொண்டு போகிறோம் என்று புண்ணியகோடி உள்ளதைச் சொன்னார். அவள் பெருமூச்சு விட்டு, குழாயில் அடைப்பு இருக்கும், திறந்து பாருங்கள் என்றாள்.

வீட்டிலிருந்த குழாய்களையெல்லாம் திறந்து பார்த்தார்கள். சமையலறைக் குழாய், கொல்லைக் குழாய், குளியலறையில் இருந்த மூன்று, ஒன்று விடவில்லை. தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. எந்தக் குழாயிலும் அடைப்பில்லை. மூவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மூடிவிடலாமா என்று திருமேனி கேட்டார்.

"திறந்து பாருங்கன்னுதானே சொன்னா? மூடச் சொல்லலையே" என்றார் புண்ணியகோடி.

"பாதி சோதனையில நிறுத்தக்கூடாது அண்ணாச்சி" என்றார் ஞானசிகாமணி. "முடிவு தப்பா வரும்."

அடைப்பு ஒன்று இருக்கத்தான் செய்தது, குளியலறைச் சாக்கடையில். ஆனால் அது குழாயில் இல்லாத காரணத்தால் அவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. தண்ணீர் மட்டும் பொருட்படுத்தியது. குளியலறைப் படி தாண்டி ஹாலுக்கு வந்தது. நடு ஹாலில் கொட்டி வைத்திருந்த தூசியைக் கரைத்து எடுத்துக்கொண்டு, எல்லா அறைகளையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது. அதோடு மேல் தொட்டி காலியாகி, சோதனையும் தானாக நின்றது.

அப்போதுதான் ஞானசிகாமணிக்கு, மெஷின் வாங்கின அன்று கடைக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. இதில் பல வகை உண்டு. தூசியை மட்டும் எடுக்கிற வகை, தண்ணீரையும் குடிக்கிற வகை, கார் சீட்டுக்குக் கையடக்கமாக ஒன்று, ஆமை மாதிரி தானே ஊர்ந்து போய்ப் பெருக்குகிற வகை ஒன்று. நம்முடையது தண்ணீர் குடிக்கிற வகையாக இருந்தால் தொல்லை விட்டது என்றார்.

ஒரு டம்ளரில் தண்ணீர் மொண்டு மெஷினின் முன்னால் வைத்தார்கள். வெகுநேரம் காத்திருந்தார்கள். அது குடிக்கவில்லை. நாம் பார்த்தால் கூச்சப்படுமோ என்று திருமேனி சொன்னதால் மூவரும் திரும்பி நின்றும் பார்த்தார்கள். அப்போதும் குடிக்கவில்லை. ஊர்ந்து போகிற வகையா என்று பின்னாலிருந்து விரட்டிப் பார்த்தார்கள். அசையவில்லை. வீட்டில் கார் இல்லாததால் அந்த வகையும் இல்லை என்று ஆயிற்று. ஆகவே இது தூசி வகை, ஈரம் ஆகாது என்று ஞானசிகாமணி அறிவித்தார். விஞ்ஞானம் இப்படித்தான் வளர்கிறது.

ஈரம் ஆகாது என்று தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியுமா. மெஷினைத் தூக்கிக் கட்டிலில் படுக்கவைத்து, ஈரம் படாமலிருக்க புண்ணியகோடியின் வெள்ளை வேட்டியைத் தலையோடு கால் போர்த்தினார்கள். ஈரத்தில் மெயின் சுவிட்ச் விழுந்து கரண்ட் போயிருந்ததால், தலைமாட்டில் ஒரு விளக்கை ஏற்றி வைத்தார்கள். நனைந்த நாற்காலி பெஞ்சுகளை வாசலில் காயப்போட்டார்கள். தெருவில் போகிறவர்கள் நாற்காலியைக் கண்டால் விடுவார்களா, நாலைந்து பேர் உட்கார்ந்து பேப்பர் படிக்க ஆரம்பித்தார்கள்.

மறுநாள் விடிவதற்குள் தண்ணீர் வாசல் வழியாக வடிந்து, தூசியையும் கையோடு கூட்டிக்கொண்டு போயிருந்தது. விடிந்ததும் ஞானசிகாமணி, பிரித்துப் பார்த்துவிடுவதுதான் சரி என்றார். பிரித்தார்கள்.

"உள்ளே ஒண்ணுமே இல்லையே, சகலை" என்றார் புண்ணியகோடி, கொஞ்சம் பயந்துபோய்.

"இருக்கக்கூடாது அண்ணாச்சி. வேக்கம்னாலே வெற்றிடம்னு அர்த்தம். ஒண்ணுமில்லாம இருக்கிறதுதான் அதோட லட்சணம்."

"அப்ப நல்லாத்தான் இருக்கா?"

"பிரமாதமா இருக்கு. இழுக்கலை, அவ்வளவுதான்."

திரும்ப மூடினதில் ஒரு ஸ்க்ரூ மிச்சப்பட்டது. அதைத் திருமேனி பத்திரமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மெஷினைப் பழையபடி கட்டிலில் கிடத்தி வேட்டியைப் போர்த்தினார்கள்.

மனோன்மணியிடமிருந்து போன் வந்தது. மதுரையிலிருந்து கிளம்பிவிட்டார்களாம். பஸ் இரைச்சலில் அவள் குரல் விட்டுவிட்டுக் கேட்டது. நேற்றே சொல்ல மறந்துவிட்டேன், எல்லாம் முடியினால் வருகிற வினை, ஒரு முடி விடாமல் எடுத்துவிட்டு அப்புறம் ஓட்டுங்கள், தானாக இழுக்கும் என்றாள். பிரஷ் என்ற வார்த்தையையும் அவள் சொல்லத்தான் செய்தாள். அது பஸ்ஸின் ஹாரனோடு போயிற்று.

சகலைகள் ஒருவர் தலையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாரு முடியை?" என்றார் திருமேனி.

"மெஷினை ஓட்டுறவங்க முடியைத்தான். அதுல என்ன சந்தேகம்" என்றார் புண்ணியகோடி.

ஓட்டுகிறவர் யார் என்று விவாதம் வந்தது. குழாயைப் பிடிப்பவர் திருமேனி. சுவிட்ச் போடுபவர் ஞானசிகாமணி. இருவரையும் மேற்பார்வை பார்ப்பவர் புண்ணியகோடி. யாரை விட்டாலும் ஒரு முடி விட்டதாக ஆகிவிடும். பெண்ணின் கல்யாணத்தைவிட முடி பெரிதில்லை என்று புண்ணியகோடி சொன்னார். இந்த இடத்தில் சிரிக்கக்கூடாது. மனிதர் மகளுக்காக நிஜமாகவே கலங்கியிருந்தார்.

முக்குச் சலூனில் மூவரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். எந்தச் சாமிக்கு வேண்டுதல் என்று சலூன்காரர் கேட்டார். மெஷினுக்கு என்றார் திருமேனி. அவர் சட்டென்று குனிந்து கத்தியைத் தீட்ட ஆரம்பித்தார்.

மூன்று மொட்டைகளும் தெருக் குழாயடியில் குளித்து, ஈர வேட்டியோடு வாசலுக்கு வந்து நின்றபோது தேனிக் கார் வந்து நின்றது. அவர்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். முதலில் இறங்கியவர் பையனின் அப்பா தட்சிணாமூர்த்தி. இறங்கியவர் ஒரு கணம் அப்படியே நின்றார்.

வாசலில் நாற்காலிகள். அதில் பேசாமல் பேப்பர் படிக்கும் ஆண்கள். கழுவிவிட்ட வீடு. மொட்டை போட்ட மூன்று பேர். உள்ளே இருட்டில் ஒரு விளக்கு, கட்டிலில் வெள்ளைத் துணி போர்த்தி ஏதோ ஒன்று.

தட்சிணாமூர்த்தி முறை தெரிந்தவர். காரிலிருந்த பழத்தட்டை அப்படியே விட்டுவிட்டு, தெருமுக்குக்குப் போய் ஒரு ரோஜா மாலை வாங்கி வந்தார். மாலையைக் கட்டிலின்மேல் சாத்திவிட்டுப் புண்ணியகோடியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்போ?"

"நேத்து மத்தியானம்" என்றார் புண்ணியகோடி. மெஷினைப் பற்றி இவ்வளவு அக்கறையாக இதுவரை யாருமே அவரிடம் கேட்டதில்லை. "முன்னெல்லாம் நல்லா இழுத்துக்கிட்டு இருந்துச்சு. நேத்துப் பார்த்தா, சத்தம்தான் வருது, இழுக்கலை."

"கஷ்டம்தான். டாக்டர் யாரும் பார்க்கலையா?"

"எதுக்கு? நாங்களே திறந்து பார்த்துட்டோம்."

தட்சிணாமூர்த்தி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். "நீங்களேவா?"

"மூணு பேரும்தான். உள்ளே ஒண்ணுமே இல்லை."

"மூடும்போது இது மட்டும் மிஞ்சிப்போச்சு" என்று திருமேனி ஸ்க்ரூவை எடுத்துக் காட்டினார்.

பையன் தூணைப் பிடித்துக்கொண்டான். அவன் அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு விசும்ப ஆரம்பித்தார். எப்போது எடுக்கிறார்கள் என்று தட்சிணாமூர்த்தி தாழ்ந்த குரலில் விசாரித்தார். வீட்டுக்காரி வந்ததும் எடுத்துவிடலாம், அவள் கையால் எடுத்தால்தான் திருப்தி என்றார் புண்ணியகோடி. அதைக் கேட்டதும் அந்த அம்மாள் வாய்விட்டே அழுதார்.

அந்த அழுகையோடு ஆட்டோவும் வந்து நின்றது. மனோன்மணி இறங்கினாள். வாசலைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள். கையிலிருந்த பட்டுச்சேலைப் பை நழுவிக் கீழே விழுந்தது. புருஷன் நிற்கிறார். தங்கை புருஷன்மார் இருவரும் நிற்கிறார்கள். தங்கைகளும் மகளும் பின்னாலேயே இருக்கிறார்கள். அப்புறம் யார்? அவள் உள்ளே போய், வெள்ளைத் துணியை விலக்கினாள்.

மாலை சூடிய வேக்கம் கிளீனர், கழுத்தில் காபி ஃபில்டரோடு படுத்திருந்தது.

இளவேனில்தான் முதலில் சிரித்தாள். அவளைப் பார்த்து அந்தப் பையனும் சிரித்தான். மனோன்மணி சிரிக்கவில்லை. மெயின் சுவிட்சைத் தூக்கிவிட்டாள், தையல் கத்திரியைக் கொண்டுவந்து மெஷின் வாயில் உருளும் பிரஷைத் திருப்பி, அதில் பந்தாகச் சுற்றிக் கிடந்த தலைமுடியை வெட்டி எடுத்து எறிந்தாள். பிளக்கைச் செருகினாள். மெஷின் ஒரே இழுப்பில் மாலையின் பாதி ரோஜாவை விழுங்கியது.

"பாத்தீங்களா, மொட்டை போட்ட கையோட இழுக்குது" என்றார் ஞானசிகாமணி.

பெண் பார்க்கும் படலம் நல்லபடியாக நடந்தது. ஒரு ராத்திரி முழுக்க வெள்ளத்தில் கிடந்த வீட்டில் தூசி எங்கிருந்து வரும். சம்பந்தியம்மா கடைசிவரை இருமவே இல்லை. நாலு பஜ்ஜி சாப்பிட்டார், இவ்வளவு சுத்தமான வீட்டை நான் பார்த்ததில்லை என்றார், தட்டை மாற்றிக்கொள்ளவும் சம்மதித்தார். மனோன்மணி புருஷன் பக்கமே திரும்பவில்லை. அதை அவர் கோபம் என்று எடுத்துக்கொள்ளாமல் வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்.

கிளம்பும்போது தட்சிணாமூர்த்தி சகலைகள் மூவரையும் மட்டும் தனியாகக் கார் ஓரம் அழைத்துப் போனார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டிலும் இதே மாதிரி ஒரு மெஷின் இருக்கிறது, அதுவும் கொஞ்ச நாளாக இழுப்பதில்லை என்றார். முழுசாக எடுத்துவிட வேண்டும், அரைகுறையாக வெட்டிப் பிரயோஜனமில்லை என்று புண்ணியகோடி அனுபவஸ்தராகச் சொன்னார்.

மறுவாரம் தேனியிலிருந்து போன் வந்தது. மொட்டை போட்டாகிவிட்டது, வீட்டு ஆட்களையும் போடவைத்தாகிவிட்டது, மெஷின் மட்டும் இன்னும் இழுக்கவில்லை என்று தட்சிணாமூர்த்தி வருத்தப்பட்டார். சகலைகள் மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் யோசித்தார்கள். பிறகு புண்ணியகோடி போனை எடுத்து, சம்பந்தி மனசு நோகக்கூடாதே என்று மெல்லக் கேட்டார்:

"தப்பா நினைக்காதீங்க சம்பந்தி. மீசையை எடுத்தீங்களா?"