காட்டின் பத்தாயம்

"இந்த மண்ணு என்னை ஏமாத்திடுச்சும்மா."

சிங்காரவேலு ஒரு கை நெல்லைக் கொண்டுவந்து உலகம்மையின் முன்னால் முறத்தில் போட்டார். முறத்தைத் தூக்கிப் பிடித்து, குனியாமலே ஊதினார். பாதிக்கு மேல் பறந்துபோனது. எல்லாம் பதர்.

உலகம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"மண்ணு உங்களுக்கு ஏதாவது வாக்கு குடுத்துச்சா அண்ணாச்சி?"

"இல்லீங்க."

"வாக்கே குடுக்காதது எப்படி ஏமாத்தும்?"

சிங்காரவேலுவுக்குக் கோபம் வந்தது. 

அவருக்கு வயது அறுபத்தொன்று. சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். நாற்பது வருஷம் நெல் போட்டவர். ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்து, அது எந்த வாய்க்கால் பாய்ச்சல் என்று சொல்லிவிடுவார். ஆறடி உயரம், குனிந்து பழக்கமில்லாத முதுகு. மனைவி போன பிறகு நிலத்தைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு, ஞானம் தேடி மலையேறி வந்திருந்தார்.

வந்த இடத்தில் குரு உலகம்மை தன்னைவிடப் பத்தொன்பது வயது சின்னவராக இருந்தது அவருக்கு ஒரு சங்கடம். அதுவும் பதினெட்டு வருஷம் தேயிலை கிள்ளிய பெண். விரல் நுனியில் கறை இன்னும் இருந்தது. சிஷ்யரை அவர் "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவார். இந்தச் சங்கடம் ஒரு மாதத்தில் பழகிவிட்டது.

பழகாதது சோறு.

மடம் என்று பேர்தான். மழைக்காட்டின் விளிம்பில் ஓடு போட்ட இரண்டு அறை, ஓர் அடுப்பு, சுற்றிலும் மடத்துக்கென்று யாரோ விட்டுப்போன நாலு ஏக்கர் காடு. கீழே சரிவில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள். அந்த வீட்டுப் பெண்கள் உலையில் அரிசி போடும் முன்பு ஒரு பிடி எடுத்துத் தனியே வைப்பார்கள். உலகம்மை காலையில் பித்தளை ஏனத்தோடு இறங்கிப்போய் அந்தப் பிடியரிசியை வாங்கி வருவார். சாயங்காலம் அது கஞ்சியாகும். வேலை விட்டு வருகிறவர்கள், வழிப்போக்கர்கள், யார் வந்தாலும் ஊற்றுவார்கள். பிறகு பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். நாளைக்கென்று ஒரு பருக்கை மிஞ்சாது.

சிங்காரவேலு பிறந்த வீட்டில் பத்தாயம் இருந்தது. பலகையால் செய்த நெற்பெட்டி, உள்ளே ஆள் இறங்கி நிற்கலாம். அவருக்கு நினைவு தெரிந்து அது காலியானதில்லை. கொடுத்தே பழகிய கை அவருடையது. அடுத்த வீட்டு அரிசியில் காய்ச்சிய கஞ்சி தொண்டையில் இறங்க மறுத்தது.

"நீங்க மழையில ஏனத்தைத் தூக்கிட்டு நடக்கறதை என்னால பார்க்க முடியலம்மா" என்று வந்த புதிதில் ஒருநாள் சொன்னார்.

"அப்ப நீங்க தூக்குங்க."

அந்தப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவே இல்லை. மண்வெட்டியை எடுத்தார்.

மாசி வெயிலில் அரை ஏக்கர் காட்டை வெட்டிச் சாய்த்தார். காயவிட்டுக் கொளுத்தினார். சருகு, வேர் என்று ஒன்று விடாமல் வழித்துப் பெருக்கினார். டெல்டாக்காரருக்கு வயல், வீட்டுக் கூடம் மாதிரி சுத்தமாக இருக்க வேண்டும். மலைநெல் விதைத்தார்.

முதல் வருஷம் பதினாலு மூட்டை கண்டது. லயன் பெண்கள் மூக்கின் மேல் விரல் வைத்தார்கள். இரண்டாம் வருஷம் ஆறு. மூன்றாம் வருஷம் இப்போது முறத்தில் கிடந்த பதர்.

"பின்னாடி இருக்கற பங்கையும் வெட்ட அனுமதி குடுங்கம்மா. அந்தப் பெரிய குங்கிலிய மரத்தோட சேர்த்து. அது அடியில மண்ணு நல்லா இருக்கும். இது மட்டும் ஆகலைன்னா நான் ஊருக்கே போயிடறேன். இந்த வயசுல என்னால கையேந்திச் சாப்பிட முடியாது."

உலகம்மை கீரைக் காம்பை வாசலுக்கு வெளியே வீசினார்.

"அந்த மரம் எவ்வளவு உசரம் அண்ணாச்சி?"

"நம்ம ஊரு கோபுரம் அளவுக்கு இருக்கும்."

"அதுக்குச் சோறு எங்கருந்து வருது?"

"மண்ணுலேருந்துதான். இவ்வளவு பெரிய மரத்துக்குப் போடற மண்ணு நம்ம நெல்லுக்குப் போடாதா? எங்கயோ சேத்து வச்சிருக்குங்க."

"உங்க வீட்டுல பத்தாயம் இருந்துச்சுன்னு சொல்லுவியல்லா?"

"ஆமாங்க."

"அப்ப இந்தக் காட்டுக்கும் ஒண்ணு இருக்கணும். அது எங்க இருக்குன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க. அப்புறம் வெட்டலாம்."

சிங்காரவேலுவுக்குச் சிரிப்பு வந்தது. மண்ணைப் பற்றித் தன்னிடமே பரீட்சையா என்று நினைத்தார். ஒரு நாள் வேலை.

குங்கிலிய மரத்தடியில் குழி தோண்டினார். மேலே நாலு விரல் கனத்துக்குக் கறுப்பு. அதன் கீழே சிவப்பு. இடுப்பளவு போனார், சிவப்பு. மார்பளவு போனார், மஞ்சள் கலந்த சிவப்பு. ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார்.

ருசியே இல்லை.

இன்னொரு சிட்டிகை வைத்துப் பார்த்தார். நாற்பது வருஷத்தில் இப்படி ஊமையாக இருந்த மண்ணை அவர் நாக்கு கண்டதில்லை. குழிக்குள் நின்றபடியே கொஞ்ச நேரம் மேலே பார்த்தார். மரம் அது பாட்டுக்கு நின்றது.

"மண்ணுல இல்லீங்கம்மா. வருஷம் பூரா மழை அடிச்சு அடிச்சு, எல்லாத்தையும் துவைச்சு எடுத்துட்டுப் போயிருக்கு. வெறும் சக்கை."

"அப்ப முத வருஷம் உங்க நெல்லு எதைத் தின்னு வெளஞ்சுது?"

சிங்காரவேலு தன் வயல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நான் கொளுத்தின மரத்தைத்தாங்க. அந்தச் சாம்பலை."

"சரி. பத்தாயம்?"

"சருகுலதான் இருக்கணும். மேல இருந்துச்சே, அந்த நாலு விரல் கறுப்புல."

"போய்ப் பாருங்க."

உதிர்ந்த இலைகளில் பத்தைப் பொறுக்கி, காம்பில் சிவப்பு நூல் கட்டி, மரத்தடியில் அங்கங்கே போட்டார். ஊரில் எருக்குழியில் போட்ட தழை மக்க ஆறு மாதமாகும். சருகு எத்தனை நாள் தங்குகிறது என்று பார்த்தால், எவ்வளவு சேர்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம்.

மழை பிடித்துக்கொண்டது. தினமும் போய்ப் பார்த்தார். சட்டை காயவில்லை. செருப்பில் பூசணம் பூத்தது. காற்றே நனைந்து தொங்கியது.

ஒரு வாரம் கழித்து ஓர் இலையை நூலைப் பிடித்துத் தூக்கினார். வரவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். தலைமுடியைவிட மெல்லிய வேர் ஒன்று கீழிருந்து மேலே வந்து இலையைப் பிடித்திருந்தது. வேருக்கும் இலைக்கும் நடுவே வெள்ளையாகக் காளான் இழை ஓடியது. இரண்டும் தைத்து வைத்தது போல ஒட்டிக்கொண்டிருந்தன.

வேர் மண்ணுக்குள் போகும் என்றுதான் அவர் இதுவரை நினைத்திருந்தார். இது மேலே ஏறி வந்து கைநீட்டி வாங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு மாதத்தில் பத்து நூல் கிடந்தது. இலை ஒன்றுகூட இல்லை.

"சருகுலயும் இல்லீங்கம்மா. அது தங்கறதே இல்ல. மண்ணாகறதுக்குள்ள வேர் வாங்கிடுது."

"பெறவு?"

"அப்ப மரத்துலதான் இருக்கணும். மரம் வச்சிருக்கும்."

"மரம் வச்சிருக்கா, பாத்தியளா?"

பார்க்கவில்லை. மறுநாள் விடிந்ததும் மரத்தடியில் போய் உட்கார்ந்தார்.

உச்சியில் நல்ல வெயில் என்பது சத்தத்தில் தெரிந்தது. இருவாச்சிப் பறவைகள் பழத்துக்குச் சண்டை போட்டன. அந்த மரம் விட்ட வெளிச்சத்தில் அதன் கீழே நடுத்தர மரங்கள் நின்றன. அவை விட்டதில் குட்டை மரங்கள். அவையும் விட்ட மிச்சம்தான் தரைக்கு வந்தது. நண்பகலில் அது எட்டணாக் காசு அளவு வெளிச்சம். அதில் ஒரு முழ உயரக் கன்று நின்றது. மூன்று வருஷத்துக்கு முன்பும் அது அதே உயரம் இருந்ததை அவர் பார்த்திருந்தார். மேலே யாராவது விழுந்து வழிவிடும்வரை அது அப்படியே நிற்கும்.

மதியம் மழை வந்தது. நின்றது. ஆனால் காட்டுக்குள் நிற்கவில்லை. உச்சி இலை அடுத்த இலைக்கு, அது அதற்கடுத்த இலைக்கு என்று ஒரு மணி நேரம் சொட்டிக்கொண்டே இருந்தது.

இருவாச்சி கொறித்துப் போட்ட பழம் ஒன்று அவர் காலடியில் விழுந்தது. மலையணில் வந்து பாதி தின்றது. மீதியில் வண்டு ஏறியது. வண்டு விட்டதை எறும்பு இழுத்துப்போனது. சாயங்காலம் தரையில் ஈரம் மட்டும் இருந்தது.

திரும்பும் வழியில் தன் வயலோரம் நின்றார். போன மழையில் அங்கே ஒரு பெரிய மரம் சாய்ந்து கிடந்தது. காற்று சாய்த்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தார். இன்றுதான் அதன் வேரைப் பார்த்தார். வீட்டுச் சுவர் அகலத்துக்குப் பரந்து கிடந்த வேர், முழங்கால் ஆழம்கூட இறங்கியிருக்கவில்லை. ஆணிவேர் என்று எதுவும் அவர் கண்ணில் படவில்லை. ஓரங்களில் மட்டும் வேறு மரங்களின் வேர்த்துண்டுகள் பின்னிக்கொண்டு தொங்கின.

அதைத் தாங்கிப் பிடித்திருந்த அந்த மரங்களை வெட்டியது அவர்தான். 

உலகம்மை அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்.

"பத்தாயம் கெடச்சுதா அண்ணாச்சி?"

"இல்லீங்கம்மா."

"எங்க தேடலை?"

"எல்லா இடத்துலயும் தேடிட்டேன். மண்ணுல இல்ல, சருகுல இல்ல, மரமும் வச்சுக்கல. எல்லாம் நடந்துகிட்டே இருக்கு. எங்கயும் உட்கார மாட்டேங்குது."

உலகம்மை தலையாட்டினார். அடுப்பை ஊதிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"உங்க பத்தாயம் எப்படி இருக்கு?"

சிங்காரவேலுவின் முகம் செத்துப்போனது.

கஞ்சிக்கு அரிசி களைவது அவர் வேலை. விளைச்சல் குறைய ஆரம்பித்த நாளிலிருந்து, களையும் முன்பு தினமும் ஒரு பிடி எடுத்து, விறகு அறையில் ஒரு மண்பானையில் போட்டு, துணியால் வேடு கட்டி வைத்திருந்தார். அடைமழையில் பத்து நாளாவது உலகம்மை ஏனம் தூக்காமல் இருக்கட்டும் என்று. யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தார்.

போய் எடுத்து வந்தார். இந்த இரண்டு மாதத்தில், நூலும் சருகுமாக அலைந்ததில், அதை ஒருநாளும் அவிழ்த்துப் பார்க்கவில்லை. துணி விலகும் விளிம்பில் கையை நுழைத்துப் போட்டதோடு சரி.

துணிக்கட்டை அவிழ்த்ததும் வாடை முகத்தில் அடித்தது. அரிசி ஒரே கட்டியாக இறுகி, பச்சையும் கறுப்புமாகப் பூத்திருந்தது. கையை விட்டால் சூடாக இருந்தது.

அது எத்தனை பெண்களின் கைப்பிடி என்று அவருக்குத் தெரியும். உலையில் விழவேண்டியதிலிருந்து அவர்கள் எடுத்து வைத்த அரிசி. யார் வயிற்றுக்கும் போகாமல் அவர் அதைக் கொன்றிருந்தார். பானையை அணைத்துப் பிடித்தபடி சிங்காரவேலு அழுதார். மனைவி இறந்த நாளுக்குப் பிறகு இப்போதுதான் அழுகிறார்.

உலகம்மை பானையை வாங்கிக்கொண்டு குங்கிலிய மரத்தடிக்குப் போனார். சருகின் மேல் கவிழ்த்தார். வெறும் பானையைக் கழுவி, கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார்.

"இது அடுத்த வாரத்துக்குள்ள உச்சிக்குப் போயிரும்" என்றார். "அது கெடக்கட்டும். மரத்தை எப்ப வெட்டப் போறிய?"

சிங்காரவேலு கண்ணைத் துடைத்துக்கொண்டார். 

காலையில் உலகம்மை எழுந்தபோது ஆணியில் பித்தளை ஏனம் இல்லை.

மழை தூறிக்கொண்டிருந்தது. லயனின் முதல் வீட்டு வாசலில் சிங்காரவேலு நின்றார். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. தொண்டையைச் செருமினார்.

கதவு திறந்தது. இடுப்பில் கைக்குழந்தையோடு குள்ளமான ஒரு பெண். முதல் வருஷத்து நெல்லில் அவளுக்கு அவர் மூன்று மரக்கால் அளந்து கொடுத்திருக்கிறார். அவரைப் பார்த்தாள், ஏனத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே போனாள்.

ஒரு கை நிறைய அரிசியோடு வந்தாள். சிங்காரவேலு இரண்டு கையாலும் ஏனத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்து, நிமிர்ந்து நின்றார். 

அவள் கையைத் தூக்கினாள். இறக்கினாள். குழந்தையைச் சரிசெய்துகொண்டு மறுபடி தூக்கிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, எட்டலை" என்றாள். "கொஞ்சம் கீழ பிடிங்க."