ஒரு பெயர், பதினான்கு இடம்

ஒரு சிறுமியர் விடுதியில் தங்கபுஷ்பம் என்று ஒரு தற்காலிக டைப்பிஸ்ட் இருந்தாள். கலெக்டர் பார்வையிட வரவிருந்த நாளில், யாரோ ஒருவர் தாய் தகப்பன் இல்லாத ஏழு வயதுச் சிறுமியைக் கொண்டுவந்து விட்டுப் போனார். காலையிலிருந்து அவள் வாயே திறக்கவில்லை.

காப்பாளர் ஞானசிகாமணி கையை விரித்தார். "நாற்பத்திரண்டு பிள்ளைங்கன்னு அறிக்கை முடிஞ்சாச்சு. இவளைச் சேர்த்தா அரிசி, பாய், போர்வைன்னு பதினாலு இடத்துல எண் மாறும். அடுத்த மாசம் பார்க்கலாம்."

"எல்லாத்தையும் மாத்திட்டா சேர்த்துக்குவீங்களா சார்?" என்று கேட்டாள் தங்கபுஷ்பம்.

"கலெக்டர் பாலத்தைத் தாண்டிட்டாராம். அவர் வர்றதுக்குள்ள மாத்து, சேர்த்துக்கறேன்" என்று சிரித்தார்.

தங்கபுஷ்பம் சிறுமியின் முன் குனிந்தாள். "உன் பேரை மட்டும் சொல்லு கண்ணு. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

"முத்தரசி."

எக்செல் பட்டியலின் கடைசியில் அந்தப் பெயரை அடித்தாள். வேர்டில் இருந்த அறிக்கையின் எண்களை அவள் முன்பே அந்தப் பட்டியலோடு இணைத்து வைத்திருந்தாள். ஒரு பொத்தானை அழுத்தினாள். பாய் நாற்பத்து மூன்று, போர்வை நாற்பத்து மூன்று, அரிசியும் ஏறியிருந்தது.

காப்பாளர் திரையில் விரல் வைத்துப் பக்கம் பக்கமாகத் தேடினார். பழைய எண் ஓரிடத்திலும் இல்லை.

"வேற ஏதாவது தடை இருக்கா சார்?"

வாசலில் கலெக்டரின் கார் வந்து நின்றது. காப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிள்ளை சாப்பிட்டுச்சா?"

முத்தரசி இல்லையென்று தலையாட்டினாள். அவரே அவள் கையைப் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிப் போனார். கலெக்டர்தான் சற்றுக் காத்திருக்க வேண்டியதாயிற்று.