எதில் பாதி?

விதி போட்டவனே, உன்னைத்தான் கேட்கிறேன்! "பாதிக்கு மேல் கை தூக்கினால் எதையும் செய்யலாம்" என்று அந்தக் காட்டுக் குளத்துக்கு விதி போட்டாய். எதில் பாதி என்று சொன்னாயா? பாதி வாக்கியத்தை விட்டுவிட்டுப் போய்விட்டாய். என்ன ஆனது, கேள்!

குளத்தை நம்பி ஒன்பது பேர் இருந்தார்கள். நரிக்கு மீன் மேல் கண். கரையை உடைத்தால் தண்ணீர் வடியும், துள்ளுகிற மீனை நோகாமல் அள்ளலாம். ஆந்தை, வௌவால், மரநாய், முள்ளம்பன்றி நான்கும் தூங்குகிற உச்சி வெயிலாகப் பார்த்து அது கூட்டம் போட்டது.

"கரையை உடைக்கலாம் என்பவங்க கை தூக்குங்க!"

நரியும் கீரியும் காட்டுப்பூனையும் தூக்கின. ஆமையும் தவளையும் தூக்கவில்லை.

"ஐந்தில் மூன்று! பாதிக்கு மேல்! தோண்டுங்கடா!"

ஆமை பதறியது. அதன் முட்டைகள் அந்தக் கரை மணலுக்குள்தான் இருந்தன.

"நரியண்ணே, நாம ஒன்பது பேர்! பாதிக்கு மேல்னா ஐந்து கை வேணும்!"

"தூங்குறவனுக்கெல்லாம் கணக்கு கிடையாது ஆமையக்கா! வந்தவங்கள்ல பாதி, அவ்வளவுதான்!"

மண் பறந்தது. வாதாட நேரமில்லை. ஆமை தவளையை இழுத்துக்கொண்டு நடுக்குளத்துக்கு நீந்தியது.

"இங்கே அடுத்த கூட்டம்! எல்லாரும் வாங்க!"

கரையில் நின்ற மூன்றும் தண்ணீரைப் பார்த்தன. எதுவும் இறங்கவில்லை.

"நரி இனிமே இந்தக் குளத்துல ஒரு வாய் தண்ணி குடிக்கக் கூடாது! சரி என்பவங்க கை தூக்குங்க!"

இரண்டு கைகள் எழுந்தன.

"வந்தது இரண்டு, தூக்கினது இரண்டு! முடிஞ்சுது!" என்று தவளை கத்தியது.

நரி கரையில் நின்றபடியே ஆத்திரத்தில் குதித்தது. "அநியாயம்! நான் அங்கே வரவே இல்லையே! என்னைச் சேர்க்காம எப்படி?"

"அப்போ வராதவனுக்கும் கணக்கு உண்டா, அண்ணே?" என்று ஆமை கேட்டது.

"உண்டு! உண்டு!"

"அப்போ தூங்குற நாலு பேருக்கும் உண்டு! ஒன்பதுல மூணு எப்படிப் பாதியைத் தாண்டும்? மண்ணைத் திருப்பிப் போடு!"

"வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?" என்று பூனை நரியை முறைத்தது. குழி மூடப்பட்டது.

முட்டைகள் பிழைத்தன. ஆனால் ஆமை கரையைவிட்டு நகரவில்லை. நரி நாளைக்கு வேறு கணக்கோடு வரும். ஆமை எத்தனை நாள்தான் காவல் கிடக்கும்? எத்தனை பேரில் எத்தனை கை என்று முன்கூட்டியே சொல்லாத விதி தந்திரக்காரனுக்குத்தான் உதவும். இப்போதாவது வந்து அதைச் சொல்லித் தொலை!