விளக்கைத் தேடி வந்த தடங்கள்

ஆதிமூலத்துக்கு அறுபது வயது. அவருடைய குரு வேலம்மைக்கு முப்பத்தைந்துதான். கடலோரக் குடிலில், கதவில்லாத ஜன்னல் ஒன்றில் ஆதிமூலம் விளக்கு ஏற்றி வைத்திருந்தார். ஒரு மண்டலம் அதை நகர்த்தக் கூடாது, மறைக்கக் கூடாது, அணைய விடக் கூடாது. அதுதான் விரதம். நாற்பத்தேழு நாள் முடிந்து, இன்னும் ஒரு ராத்திரிதான் பாக்கி.

விடிந்ததும் இருவரும் தெருவாசல் வழியாக இறங்கி, நாய் சுக்குவோடு கடற்கரைக்குப் போனார்கள்.

"அம்மா, என் விளக்கால யாருக்கு என்ன ஆச்சு? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார் ஆதிமூலம்.

"சுக்கு எதையோ மோந்துக்கிட்டிருக்கான். அதைப் பாருங்க."

நண்டு ஓடிய கோடுகளுக்கு நடுவே மணல் குழிந்து கிடந்தது. அதிலிருந்து சின்னச் சின்னத் தடங்கள், துடுப்பால் தள்ளித் தள்ளிப் போன மாதிரி.

"ஆமைக் குஞ்சு பொரிச்சிருக்கு! கடலுக்குப் போயிருக்கும்."

"கடல் எந்தப் பக்கம்?"

ஆதிமூலம் குனிந்து பார்த்தார். ஒரு தடம்கூடக் கடல் பக்கம் போகவில்லை. எல்லாம் மேட்டில் ஏறியிருந்தன.

"என்னை மாதிரியே வழி தெரியாததுங்க" என்று சிரித்துக்கொண்டே நாயின் பின்னால் நடந்தார்.

தடங்கள் மணலில் படர்ந்திருந்த அடப்பங்கொடியைத் தாண்டின. வேலியைத் தாண்டின. குடிலின் பின்சுவரில் முட்டி நின்றன.

மேலே அவருடைய ஜன்னல். உள்ளே அவருடைய விளக்கு. கீழே குவியலாகக் குஞ்சுகள். எறும்பு மொய்த்துக் கிடந்தன.

சிரித்த வாய் மூடவில்லை. குனிந்து எறும்புகளைத் தட்டிவிட்டார். "ஐயோ... இங்க எதுக்கு வந்துச்சுங்க?"

"நேத்து அமாவாசை. இருட்டுல மினுங்குற பக்கம்தான் கடல்னு நினைக்கும்" என்றார் வேலம்மை.

ஒன்று மட்டும் காலை அசைத்தது. ஆதிமூலம் அதைத் துண்டில் ஏந்தி ஓடினார். தண்ணீரில் விட்டுவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

வேலம்மை வேலியோரம் நின்றிருந்தார். "இங்கயும் ஒரு ஆமைக்குழி இருக்கு, மணல் உள்வாங்குது. இன்னிக்கு ராத்திரி இதுவும் பொரிச்சிடும்."

ஆதிமூலம் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒரே ஒரு ராத்திரி அம்மா. இப்ப அணைச்சிட்டா, நாளைக்குச் சாமி வந்து நின்னா நான் என்ன பதில் சொல்றது?"

"நேத்தே வந்துச்சே. ஜன்னலுக்குக் கீழதான் கிடந்துச்சு. நீங்க எண்ணெய் ஊத்திக்கிட்டு இருந்தீங்க."