உப்பளக்காரியின் கூந்தல்

கேளுங்கள், பெரியவர்களே, பிள்ளைகளே. ஊர்ச் சேதியெல்லாம் உப்பு வண்டி ஏறிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் நடந்தது இது. கடலோரத்தில் வெண்கழி என்றொரு நாடு. அதை வில்லவராயன் என்ற அரசன் ஆண்டுவந்தான்.

அந்த நாட்டு உப்பளத்தில் காத்தாயி என்று ஒருத்தி வேலை செய்தாள். உப்பளத்துக் காற்று பொல்லாதது. தோலை வெடிக்க வைக்கும், கண்ணை எரிய வைக்கும், தலைமுடியை வைக்கோலாக்கும். அங்கே வேலை செய்த பெண்கள் யாருக்கும் முடி தோளைத் தாண்டாது. காத்தாயிக்கு மட்டும் முழங்கால் வரை தொங்கியது.

அதில் ரகசியம் ஏதும் இல்லை. வேலைக்குப் போகும்போது கூந்தலைப் பின்னி முடிந்து, பழந்துணியால் காற்றுப் புகாமல் சுற்றிக்கொள்வாள். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசுவாள். ஈரம் காய்ந்த பிறகுதான் சீப்பைத் தொடுவாள். அதுவும் நுனியில் சிக்கெடுத்து, மெல்ல மெல்ல மேலே வருவாள். வாரம் ஒருமுறை நல்லெண்ணெய், சீயக்காய். சோற்றோடு ஒரு பிடி முருங்கைக்கீரை. பத்து வருடமாக இதில் ஒன்றையும் விட்டதில்லை.

கேட்டவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லித்தான் பார்த்தாள். பத்து வருடம் என்றதும் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள்.

ஒருநாள் சொக்கேசன் என்ற வணிகர் அந்த ஊர்ச் சந்தையில் கடை போட்டார். மாதம் ஒரு சாண் முடி வளர்க்கும் தைலம் என்று கூவினார். முதல் நாள் யாரும் வாங்கவில்லை. இரண்டாம் நாளும் வாங்கவில்லை. மூன்றாம் நாள், குளக்கரையில் காத்தாயி கூந்தலை உலர்த்திக்கொண்டு நிற்பதை அவர் பார்த்தார்.

“அம்மா, நாளையிலிருந்து என் கடை முன்னால் இப்படியே கூந்தலை விரித்துக்கொண்டு நில். கேட்கிறவர்களிடம் இந்தத் தைலம்தான் காரணம் என்று சொல். மழைக்கு ஒழுகாத ஓட்டு வீடு ஒன்றை உனக்குத் தருகிறேன்” என்றார்.

காத்தாயியின் குடிசை ஒழுகும். போன மழைக்காலத்தில் பாதி நாள், மடியில் சட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியேதான் அவள் கண்ணயர்ந்தாள். சற்று நேரம் யோசித்தாள். பிறகு சரி என்றாள்.

முதல் நாள் அந்தப் பொய்யைச் சொல்லும்போது நாக்குத் தடுமாறியது. இரண்டாம் நாள் தடுமாறவில்லை. மூன்றாம் நாள், ஆட்கள் கேட்பதற்கு முன்பே சொன்னாள். தைலம் ஜாடி ஜாடியாகப் போனது. காத்தாயி ஓட்டு வீட்டுக்குக் குடிபோனாள்.

ஒரு மாதம் கழித்து, மீன் விற்கும் பேச்சி அந்த வீட்டு வாசலில் வந்து நின்றாள். தலையில் போட்டிருந்த முக்காட்டை விலக்கினாள். மண்டையெல்லாம் கொப்புளம். இருந்த கொஞ்ச முடியும் கொத்துக் கொத்தாகக் கொட்டியிருந்தது.

“உன் தலையைப் பார்த்துத்தான் வாங்கினேன், காத்தாயி” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. முக்காட்டை மறுபடி போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

காத்தாயி கையிலிருந்த வேலையை அப்படியே போட்டாள். நேரே சொக்கேசனிடம் போய்க் கேட்டாள். “தைலத்தில் என்ன போட்டீர்கள், ஐயா?”

“கறுப்பு நிறம் வருவதற்காகச் சேராங்கொட்டைச் சாறு கலந்தேன். சிலர் தோலுக்கு அது ஒத்துக்கொள்ளாது. அதற்கு நான் என்ன செய்ய? நீ வாயைத் திறக்காதே. நாளை நாம் அரண்மனைக்குப் போகிறோம்” என்றார்.

அரண்மனைக்கு ஏன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். வில்லவராயனின் மனைவி அரசி தேமொழி எட்டு மாதத்துக்கு முன்னால் கடுங்காய்ச்சலில் விழுந்தாள். உயிர் தப்பியது, முடி தப்பவில்லை. முன்பெல்லாம் சந்தை நாள் தவறாமல் நாற்சந்தி மண்டபத்தில் உட்கார்ந்து, பெண்களின் வழக்குகளைக் கேட்பது அவள்தான். அரசனிடம் சொல்லக் கூசுவதையெல்லாம் பெண்கள் அவளிடம் சொல்வார்கள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் திரையை விட்டு வெளியே வரவில்லை. எட்டு மாதமாக மண்டபம் பூட்டிக் கிடந்தது. அரசியின் முடியை வளர்த்துத் தருபவர்களுக்குக் கேட்டதைக் கொடுப்பேன் என்று அரசன் பறையறைந்து அறிவித்திருந்தான்.

மறுநாள் சபை கூடியது. ஒரு பக்கம் மெல்லிய திரை. அதன் பின்னால் அரசி. சொக்கேசன் தைல ஜாடியை அரசன் முன் வைத்து, காத்தாயியைக் கை காட்டினார். “சாட்சி இதோ நிற்கிறாள், அரசே. இவளே சொல்லட்டும்.”

காத்தாயி திரையைப் பார்த்தாள். அந்தப் பக்கம் இன்னொரு பேச்சி உட்கார்ந்திருப்பதாக அவளுக்குத் தோன்றியது.

“அரசே, இந்தத் தைலத்தில் ஒரு சொட்டுகூட என் தலையில் பட்டதில்லை. வீட்டுக்கு ஆசைப்பட்டுப் பொய் சொன்னேன். இதைத் தேய்த்த ஒருத்திக்குத் தலை புண்ணாகிவிட்டது. அரசியாருக்கு இது வேண்டாம்” என்றாள்.

சபையில் சலசலப்பு. சொக்கேசன் கலங்கவில்லை. “வேறு எந்த வணிகனோ இவளுக்குப் பெரிய வீடாகக் காட்டியிருக்கிறான், அரசே. ஊரே இவள் வாயால் கேட்டதுதானே” என்றார்.

அரசன் நெற்றியைத் தேய்த்தான். “நேற்று வரை ஒன்று சொன்னாய். இன்று வேறொன்று சொல்கிறாய். இதில் எதை நான் நம்புவது?”

“என் சொல்லை நம்ப வேண்டாம், அரசே. நம்பத்தக்க யோக்கியதையை நானே கெடுத்துக்கொண்டேன். நாவிதரைக் கூப்பிடுங்கள். என் தலையை மழித்துவிடட்டும். ஐயா தலையையும் மழிக்கட்டும். அவர் தம் தைலத்தைத் தேய்க்கட்டும். நான் எப்போதும் செய்வதைச் செய்கிறேன். ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். எனக்கு ஒரு விரல் அகலம்கூட வளர்ந்திருக்காது. இந்த நீளம் திரும்பி வரப் பத்து வருடம் ஆகும். ஐயாவுக்கு ஒரு சாண் வளர்ந்திருந்தால் நான்தான் பொய்க்காரி. என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள்.”

அரசன் சொல்லியனுப்ப, நாவிதர் வந்தார். காத்தாயி தரையில் உட்கார்ந்து குனிந்தாள். முதல் கொத்து மடியில் விழுந்தபோது அவள் உதடு நடுங்கியது. இரண்டாம் கொத்து விழுந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாவது விழுந்த பிறகு அழுகையை அடக்கவில்லை. ஆனால் எழுந்திருக்கவும் இல்லை. பத்து வருடத்துக் கூந்தல் அரை நாழிகையில் தரையில் கிடந்தது.

நாவிதர் கத்தியைக் கழுவிக்கொண்டு சொக்கேசன் பக்கம் திரும்பினார். சொக்கேசனுக்கு அழகான சுருள்முடி. எண்ணெய் தடவி மினுக்கி, நடு வகிடு எடுத்து வாரியிருந்தார். கை தானாக முடிக்குப் போனது. ஓரடி பின்னால் நகர்ந்தார்.

“இது… பெண்களுக்கான தைலம், அரசே” என்றார்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து அரசியின் குரல் வந்தது. சபை அந்தக் குரலைக் கேட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. “பத்து வருடம் ஆகும் என்று தெரிந்தவள் தலையைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டாள். மாதம் ஒரு சாண் வளரும் என்கிறவர் ஏன் பின்னால் போகிறார்?”

 சொக்கேசன் ஜாடியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக மண்டியிட்டார்.

அரசன் அவரைச் சிறையில் தள்ளவில்லை. தைலத்தை எல்லாம் குழியில் கொட்ட வைத்தான். இனி வெறும் நல்லெண்ணெய்தான் விற்க வேண்டும், இது முடியை ஒரே மாதத்தில் வளர்க்காது என்று ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் விற்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னான். வேடிக்கை என்னவென்றால், அப்படிச் சொல்லி விற்ற எண்ணெயைத்தான் ஊர் பல வருடம் வாங்கியது.

காத்தாயி அன்றே ஓட்டு வீட்டைக் காலி செய்தாள். பாயைச் சுருட்டிக்கொண்டு குடிசைக்குப் போனாள். போகும் வழியில் பேச்சி வீட்டில் நின்றாள். மொட்டைத் தலையோடு நின்றவளைப் பார்த்துப் பேச்சி வாசலுக்கு வந்தாள்.

“மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் இல்லை. புண் ஆறும் வரை தினம் வந்து உன் தலையைக் கழுவிவிடுகிறேன். அதற்காவது விடு” என்றாள் காத்தாயி.

 பேச்சி ஒரு மணையை எடுத்துப் போட்டு, அதில் உட்கார்ந்து தலையைக் குனிந்தாள்.

தன் தலையையும் பேணச் சொல்லி அரசியும் காத்தாயியைக் கூப்பிட்டனுப்பினாள். அவள் கேட்டதைக் கொடுப்பதாக அரசன் சொன்னான். குடிசைக்குப் புதுக் கீற்று மட்டும் போதும் என்றாள் காத்தாயி.

மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் முடியைப் பேணத் தொடங்கினார்கள். மூன்றாம் மாதம் அரசியின் தலையில் பூனை மயிர்போல மெல்லிசாக ஏதோ முளைத்தது. “இவ்வளவுதானா, காத்தாயி?” என்று அரசி கண்கலங்கினாள். “எனக்கும் இவ்வளவுதான், தாயே. தொட்டுப் பாருங்கள்” என்று காத்தாயி தலையை நீட்டினாள். ஆறாம் மாதம் ஒரு கைப்பிடிக்கு வந்தது. அரசி தானே சீப்பை வாங்கி, நுனியிலிருந்து சிக்கெடுக்கப் பழகினாள். கீரையைக் கண்டால் முகம் சுளித்தவள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். வருடம் முடிந்தபோது முடி காது மடலைத் தொட்டது.

“கழுத்துக்கு வரட்டும், பிறகு வெளியே போகலாம் என்று நினைத்திருந்தேன்” என்றாள் அரசி. “வழக்குகள் அதுவரை காத்திருக்குமா?”

“காத்திருக்காது, தாயே” என்றாள் காத்தாயி.

அடுத்த சந்தை நாளில் மண்டபத்தின் பூட்டுத் திறந்தது. அரசி முக்காடு இல்லாமல் வந்து உட்கார்ந்தாள். காது வரை முடி, காற்றில் அது பறந்தது. கூடியிருந்த பெண்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். கூட்டத்தின் நடுவில் ஒரு பெண் தன் முக்காட்டை எடுத்துத் தோளில் போட்டாள். பேச்சிதான். அவளுக்கும் காது வரைதான் வளர்ந்திருந்தது.

“என் வழக்கை முதலில் கேளுங்கள், அம்மா. மீன் துறையில் எங்களுக்கு நிற்க இடம் விட மாட்டேன் என்கிறார்கள்” என்றாள்.

அரசி அவளை அருகில் வரச் சொன்னாள். அன்று பொழுது சாயும் வரை பதினோரு வழக்குகளைக் கேட்டாள்.

ஏழாம் வருடம் மூவர் கூந்தலும் இடுப்பைத் தாண்டியது என்று சொல்வார்கள். அதற்குள் மீன் துறையில் பெண்களுக்கென்று நிழல் பந்தலும் வந்துவிட்டது.

ஆகவே கேட்டவர்களே, பொய்யால் ஒரே நாளில் காட்டும் வளர்ச்சி நிலைக்காது, உண்மையோடும் பொறுமையோடும் நாள்தோறும் பேணியதே வளர்ந்து நிலைக்கும்.